பூச்சிக்கு வைத்த பஞ்சாமிர்தம்

உட்காருங்கக்கா, தாராளமாக உட்காருங்க. இந்தப் பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். வேண்டாம், நீங்க தூக்காதீங்க, உள்ளே செவ்வாழை இருக்கிறது, நெருக்கினால் நசுங்கிப்போகும். கனிஷ்கா, காலை மடக்கு, பெரியம்மா உட்காரட்டும். என் மகள்தான். ரெண்டு வயது முடியப்போகிறது. பேச்சு இன்னும் சரியாக வரவில்லை, நாலைந்து வார்த்தைதான் சொல்வாள். காலுக்கு மட்டும் ஓய்வே கிடையாது.

இதைத்தானே பார்க்கிறீங்க? பஸ்ஸில் ஏறினதிலிருந்து எல்லாரும் இதைத்தான் பார்க்கிறார்கள். கொசுவலை இல்லைக்கா. வண்ணத்துப்பூச்சி பிடிக்கிற வலை. பக்கம் கிழிந்திருந்தது, அம்பையில் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்து வாங்கி வருகிறேன். நல்ல உருண்டையாக, தலையணை உறை மாதிரி தொங்கும். மேலே மூடியிருக்கும். கீழே ஒரு தட்டு. தட்டுக்கும் வலைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. தட்டில் பழத்தை வைத்து மரத்தில் கட்டிவிட்டால் பூச்சி கீழ்வழியாக நுழைந்து தின்னும். தின்று முடித்ததும் மேலே பறக்கும், வலைக்குள் மாட்டிக்கொள்ளும். கீழே இறங்கினால் வெளியே போய்விடலாம், அது அதற்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரர் மாதிரிதான். திருப்பூருக்குப் போகத் தெரிந்தது, திரும்பி வரத் தெரியவில்லை.

நீங்க எதுவரைக்கும்? ஓ, நம்ம ஊருக்கு முந்தின ஸ்டாப்பா. அப்போ நல்லதாகப் போயிற்று. முழுசாகச் சொல்கிறேன், நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்க. ஊருக்குள் யாரிடமும் கேட்க முடியாது. எல்லாரும் ஒன்று எனக்குச் சொந்தம், இல்லையென்றால் என் நாத்தனாருக்குச் சொந்தம்.

எங்க ஊர் நெல்லிப்பாறை. ஓடைக்கு அந்தப் பக்கம் தோணித்துறை. ரெண்டு ஊருக்கும் மேலே ஒரே காடு. அந்தத் தோணித்துறையில்தான் என் வீட்டுக்காரரோட அக்கா வடிவைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. நான் மதினி என்று கூப்பிடுவேன். மனசு நல்ல மனசு. ஆனால் சுத்தம் என்றால் என்னவென்று கேட்பவள். அவள் வீட்டில் ஒரு தட்டைக் கழுவ வேண்டுமென்றால் அடுத்த சோறு வெந்து இறக்கியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் தொடமாட்டாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கதைக்கு வேண்டியிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

போன வருஷம் சாரல் ஓய்கிற நேரத்தில் ஜெபசெல்வி மேடம் என்று ஒருவர் காலேஜிலிருந்து வந்தார். காடு நல்லா இருக்கிறதா, நோய்ப்பட்டிருக்கிறதா என்று பூச்சியை வைத்துக் கண்டுபிடிப்பாராம். டாக்டர் கையைப் பிடித்து நாடி பார்க்கிற மாதிரி. "எத்தனை வருதுங்கிறது முக்கியமில்ல முப்பிடாதி, எத்தனை விதமா வருதுங்கிறதுதான் முக்கியம்" என்றார். முப்பிடாதி நான்தான். எங்க குலசாமி பெயர்.

இந்தக் கரையில் வலை கட்டித் தீனி வைக்கிற வேலை எனக்கு. அந்தக் கரையில் மதினிக்கு. மேடம் மதினி வீட்டு மாடியில்தான் தங்கினார், அங்கேதான் கக்கூஸ் இருந்தது. எந்தக் கரையில் அதிக விதம் வருகிறதோ அந்தக் கரையில் ஒரு ஆராய்ச்சிக் கட்டிடம் வரும், வருஷம் பூராவும் பிள்ளைகள் வந்து தங்கிப் படிப்பார்கள், அதற்கு வாட்ச்மேன் வேலைக்கு உள்ளூர் ஆள் ஒருத்தர் வேண்டும் என்று மேடமே சொன்னார். "உங்க பக்கம் வந்துதுன்னா உன் வீட்டுக்காரரையே போடச் சொல்றேன்" என்றார்.

அக்கா, அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீங்க. அவர் பனியன் கம்பெனியில் இருக்கிறார். பொங்கலுக்கு வருவார், கோயில் கொடைக்கு வருவார். மற்றபடி இவள் அப்பாவைப் பார்க்கிறதெல்லாம் போனில்தான். அப்பா எங்கே என்று கேட்டால் சார்ஜரைக் காட்டுவாள். நிஜமாகத்தான் சொல்கிறேன். கனிஷ்கா, அப்பா எங்கம்மா? பார்த்தீங்களா, பையைத் துழாவுகிறாள். சார்ஜரைத் தேடுகிறாள்.

அதனால் நான் அந்த வேலையை ஏனோதானோ என்று செய்யவில்லை. அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்க.

தீனி எப்படி என்றால், மேடம் ஒரு நீல டிரம்மில் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து, கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, ஒரு பாட்டில் பீரை ஊற்றி மூடினார். வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊற்றினார். ஊறின பிறகு பாதி எனக்கு, பாதி மதினிக்கு. ரெண்டு கரைக்கும் ஒரே தீனி இருந்தால்தான் கணக்கு சரியாக வரும் என்றார்.

நீங்க சாப்பிட்டு ரொம்ப நேரம் ஆயிற்றா? அப்போ சொல்லலாம். என் பங்கை டிரம்மோடு வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன் பாருங்க, என் மாமியார் மூணாவது அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "யாரு வீட்டுலட்டி சாராய ஊறல் போட்டிருக்கு? உங்க மாமா இருந்த காலத்து வாசம்லா வருது" என்றார். ஒரே நுரை. மேலே குட்டிக் குட்டி ஈ. பழம் எது, புழு எது என்று தெரியவில்லை. இதையா ஒரு ஜீவனுக்கு வைப்பது?

நான் மேடத்திடம் போய்க் கேட்டேன்.

"மேடம், பழம் ரொம்ப அழுகிப்போச்சே."

"அழுகட்டும் முப்பிடாதி. நல்லா அழுகினாத்தான் நல்லது."

அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. பாவம், காலேஜில் அவ்வளவுதான் கொடுப்பார்கள்போல. நம்மைப் போன்றவர்களுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று, இதுவே போதும் என்கிறார். பெரிய மனுஷர்கள் அப்படித்தான். வீட்டுக்கு வந்தால் தண்ணி போதும் என்பார்கள். அதற்காக நாம் தண்ணியை மட்டும் கொடுத்து அனுப்புவோமா? "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு வந்து, டிரம்மை அப்படியே கொல்லையில் இருக்கிற எருக்குழியில் கொட்டினேன். எருவாகவாவது ஆகட்டும். டிரம்மைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தேன். ஒவ்வொரு தடவை மேடம் என் பங்கைக் கொடுத்து அனுப்பும்போதும் அதே குழியில்தான் கொட்டினேன்.

பிறகு நானே தீனி செய்தேன். எங்க தோட்டத்து மட்டி வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், பேரீச்சம்பழம், கற்கண்டு, ரெண்டு ஏலக்காய், ஒரு கரண்டி நெய். பஞ்சாமிர்தம்தான். பழனியில் கொடுக்கிறதற்குக் கொஞ்சமும் குறையாது. பார்க்கிறதற்கு டிரம்மில் இருந்த மாதிரியே பழுப்பாக, கூழாகத்தான் இருக்கும், அதனால் மேடத்துக்கும் சங்கடம் இல்லை. நாம் செலவழித்தது தெரிந்தால் வருத்தப்படுவார் இல்லையா. தட்டையெல்லாம் பளபளவென்று தேய்த்து, விடிந்ததும் போய் வைத்துவிட்டு வருவேன். மேடம் வெயில் ஏறினதும் வந்து பார்ப்பார். எங்க ஊர்ச் சாரல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வந்த நாளிலிருந்து மூக்கடைப்பு. ஒரு வாசமும் தெரியாது. சுக்குக் கஷாயம்கூட வைத்துக் கொடுத்தேன்.

ஒரு பூச்சி வரவில்லைக்கா.

எறும்பு வந்தது. கட்டெறும்பு, செவ்வெறும்பு, சாமியெறும்பு என்று எல்லா எறும்பும் வந்தது. சரி, எறும்பைப் பார்த்துத்தான் பூச்சி பயப்படுகிறது என்று மரத்தைச் சுற்றி மஞ்சள்தூள் போட்டேன். வலையின் வாயில் வசம்பு கட்டினேன். வசம்பு என்றால் சும்மாவா? இவள் கையில் பாருங்க, பிறந்ததிலிருந்து கட்டியிருக்கிறேன், ஒரு கொசு கிட்டே வராது. எறும்பு நின்றது. பூச்சி அப்போதும் வரவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன், அங்கே குரங்கு மூத்திர வாடை. யாருக்குத்தான் அங்கே உட்கார்ந்து சாப்பிட மனசு வரும்? தூபக்காலை எடுத்துப் போய் ஒவ்வொரு வலைக்கும் சாம்பிராணி போட்டேன். நல்லாப் புகையவிட்டு வலை பூராவும் காட்டினேன். இடம் கோயில் மாதிரி ஆகிவிட்டது. மேடம் வருகிறதற்குள் புகை அடங்கிவிடும். அப்போதும் வரவில்லை. அதுவரைக்கும் ஒன்றிரண்டு வழி தவறி வந்துகொண்டிருந்ததும் நின்றுவிட்டது. இவ்வளவு செய்தும் வரவில்லை என்றால் அது யார் குற்றம், நீங்களே சொல்லுங்க.

என்னக்கா, ஏதோ சொல்ல வந்தீங்க. இருங்க, நடுவில் ஒரு தொட்டில் விஷயம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மறந்துபோகும்.

காட்டுக்குள் விளக்குமாத்துப் புல் அறுக்கப் போகிற பெண்கள் இருக்கிறார்கள் இல்லையா. அவர்கள் பார்த்திருக்கிறார்கள். மரத்தில் வெள்ளைத் துணியாக ஒன்று தொங்குகிறது. அடியில் மஞ்சள். சாம்பிராணி வாசம். தட்டில் பஞ்சாமிர்தம். பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். ஒருத்தி தன் மருமகளுக்காகச் சேலை முந்தானையைக் கிழித்துப் பக்கத்துக் கிளையில் ஒரு தொட்டில் கட்டியிருக்கிறாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. ஒரு வாரத்தில் அந்த மரத்தில் இலையைவிடத் தொட்டில் அதிகம். சிலது உள்ளே கல், சிலது உள்ளே மரப்பாச்சி. போகிறவர் வருகிறவர் எல்லாம் வலைத்தட்டிலிருந்து ஒரு விரல் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ருசி அப்படி.

மேடம் வந்து மரத்தடியில் நின்றார்.

"என்ன முப்பிடாதி இதெல்லாம்?"

"வேண்டுதல் மேடம்."

"யாருக்கு வேண்டுதல்?"

"அது இன்னும் முடிவாகல மேடம். மாடனா அம்மனான்னு பேசிக்கிட்டிருக்காங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் கோபப்படமாட்டார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. "வலையை மட்டும் வேற மரத்துக்கு மாத்திக்கலாம்" என்றார். மாற்றினோம். சாமியும் கூடவே மாறி வந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய?

இதெல்லாம் நடக்கும்போது அந்தக் கரையில் மதினி ஓடைக்கல்லில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிடுவாள்.

"ஏட்டி முப்பிடாதி, இன்னைக்கு உம்பக்கம் எத்தனை?"

"வந்திருக்கு மதினி."

"எத்தனைட்டி?"

"வருது மதினி, வருது."

"எம்பக்கம் வலைக்குள்ள கை விட இடமில்ல. கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு. மேடம் எண்ணி எண்ணிக் களைச்சுப்போய்க் காப்பி கேக்காங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும். ஒருநாள் பொறுக்கமுடியாமல் இவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். அக்கா, அந்தக் கண்ராவியை என்னவென்று சொல்வது. தட்டில் இன்றைக்கு வைத்தது, அதற்கு அடியில் நேற்று வைத்தது, அதற்கும் அடியில் எந்தக் காலத்திலோ வைத்தது. கழுவவே இல்லை. கொட்டாங்கச்சியால் அள்ளி அதன்மேலேயே ஊற்றுகிறாள், கையைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள். அந்த நாற்றத்தில் பூச்சிகள் விழுந்து கிடக்கின்றன. போதை. சிலதுக்கு எழுந்து பறக்கக்கூட முடியவில்லை, பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு காலை ஆட்டுகின்றன. மதினியோட மாமனார் சாயங்காலம் வீட்டு வாசலில் கிடக்கிற மாதிரியே.

"மதினி, தட்டைக் கழுவலியா?"

"எதுக்குட்டி கழுவணும்? பூச்சி வந்து உங்கிட்டக் குறை சொல்லிச்சா?"

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது. இப்படிப்பட்ட இடத்துக்கு இத்தனை பூச்சி தானாக வருமா? என்னமோ கலக்குகிறாள். வசிய மருந்து. தென்மலைப் பக்கம் கிடைக்கும் என்று சொல்வார்கள். மேடத்திடம் சொல்லலாம் என்று பார்த்தேன். சொந்தக்காரியைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று விட்டுவிட்டேன். அது என் பெருந்தன்மை. யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

பூச்சி என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த நேரத்தில் எனக்கு வீட்டிலும் நிம்மதி இல்லைக்கா. கொல்லைப்பக்கம் போகமுடியவில்லை. எங்கிருந்துதான் வந்ததோ, எருக்குழியைச் சுற்றி ஒரே பூச்சி. மஞ்சளில், கறுப்பில், பொட்டு வைத்தது, வால் வைத்தது. துணி காயப்போட்டால் துணிமேல். இவள் தலைமேல். இவளுக்கானால் கொண்டாட்டம், வாயைத் திறந்துகொண்டு நிற்பாள், உள்ளே போய்விடுமோ என்று எனக்குப் பயம். விளக்குமாறை எடுத்துக்கொண்டு விரட்டி விரட்டித் தோள்பட்டை விட்டுப்போயிற்று. இது போதாது என்று சருகு வேறு. குழிக்குள் எப்போது பார்த்தாலும் காய்ந்த இலையாகக் கிடக்கும். எங்க கொல்லையில் வாழையைத் தவிர ஒரு மரம் கிடையாது. இந்தச் சருகு எங்கிருந்து வருகிறது? பெருக்கலாம் என்று விளக்குமாறை வைத்தால் எழுந்து போய்விட்டு, நான் திரும்பினதும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு பொட்டுக் காற்று இருக்காது. மலையடிவாரம் இல்லையா, அங்கே காற்றே ஒரு தினுசு.

மேடத்திடம் சொன்னாயா என்று கேட்கிறீங்களா? அதெப்படிச் சொல்வது? மேடம் கேட்டது காட்டுப் பூச்சி. இது வீட்டில் தொல்லை பண்ணுகிற பூச்சி. எங்க வீட்டில் கரப்பான் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று விருந்தாளியைக் கூப்பிடுவீங்களா?

கடைசியாக மேடம் ஒரு படத்தைக் காட்டினார். நல்ல நீலம், நடுவில் ஆரஞ்சுப் பட்டை, பட்டுச்சேலை கணக்காக. "இது ஒண்ணு உங்க கரையில வந்துட்டாப் போதும் முப்பிடாதி, நான் மேல பேசிக்கிறேன். ஆனா உக்காந்துச்சுன்னா சிறகை மூடிக்கும். அடையாளமே தெரியாது, உத்துப் பாக்கணும்" என்றார். நான் எவ்வளவு உற்றுப் பார்த்தேன் தெரியுமா? காடு முழுக்கப் பார்த்தேன். ஒரு நீலம் இல்லை.

மேடத்துக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. எங்க கரை மண்ணை அள்ளிக்கொண்டு போய்ச் சோதித்தார். தண்ணியைச் சோதித்தார். யாராவது மருந்து அடிக்கிறீங்களா என்று வீடு வீடாகக் கேட்டார். ஊரில் எல்லாரும் பயந்துபோய்விட்டார்கள். காட்டுக்கே நோய் என்றால் ஆடு மாட்டுக்கு, பிள்ளைக்கு என்ன ஆகும் என்று. கிளம்புகிற அன்றைக்கு எங்க வீட்டுக்கும் வருகிறேன் என்றார். விடுவேனா? இவளை எங்க அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். எருக்குழியை மண்ணைப் போட்டு மூடினேன். ஒரு பாட்டில் பினாயிலை அப்படியே ஊற்றினேன், சுற்றிலும் பிளீச்சிங் பவுடர் தூவினேன், வேப்பிலையைக் கொளுத்திப் புகை போட்டேன். கல்யாண வீடு மாதிரி இருந்தது கொல்லை.

மேடம் டீ குடித்துக்கொண்டே கேட்டார். "வீட்டுப் பக்கமாவது ஏதாவது வருதா முப்பிடாதி?"

"சுத்தமாக் கிடையாது மேடம். சந்தேகமா இருந்தா வந்து பாருங்க."

வந்து பார்த்தார். வெள்ளை வெளேர் என்று கிடந்த தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெருமூச்சு விட்டார். அவ்வளவு சுத்தத்தை அவர் எங்கேயும் பார்த்திருக்கமாட்டார்.

பிறகு காலேஜிலிருந்து சொன்னார்கள், நெல்லிப்பாறைப் பக்கம் காடு நலிந்து போயிருக்கிறது என்று. தோணித்துறைப் பக்கம் செழிப்பாம். கட்டிடம் அங்கேதானாம். வாட்ச்மேன் வேலைக்கு மதினி வீட்டுக்காரர் பெயரைச் சொல்லுகிறார்கள். எனக்கு அண்ணன் முறை, நல்ல மனுஷர்தான், ஆனால் அவர் காவல் காத்தால் முதலில் அவரை யாராவது காவல் காக்கவேண்டும்.

எங்க வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "நான் ஊருக்குப் போயிருவேன்னு கம்பெனியில சொல்லி வச்சிட்டேனே" என்றார். பிறகு, "சரி விடு, பாப்பாகிட்டக் குடு" என்றார். கொடுத்தேன். இவள் போனுக்கு முத்தம் கொடுத்துவிட்டு அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அப்பா அங்கே இருக்கிறாரா என்று. அக்கா, நான் எதற்கும் அழுகிற ஆள் இல்லை. அன்றைக்கு வெங்காயம் இல்லாமலேயே கண்ணில் தண்ணி வந்தது.

இல்லக்கா, முடிந்துபோகவில்லை. அதற்குத்தானே இந்த வலை. போன வாரம் மேடம் போன் பண்ணினார். அவருக்கு மேலே இருக்கிற பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஒரே காடு, நடுவில் ஒரு ஓடை, ஒரு பக்கம் அத்தனை விதம், ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை என்றால் உலகத்தில் எங்கேயும் நடக்காது, மறுபடி பார்த்துவிட்டு வா என்றாராம். திங்கட்கிழமை வருகிறார். இந்தத் தடவை எங்க வீட்டிலேயே தங்கப் போகிறார், நாங்களும் கக்கூஸ் கட்டிவிட்டோம் இல்லையா. இதுதான் கடைசி. இப்போதும் வரவில்லை என்றால் மதினி வீட்டுக்காரருக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள், இவள் அப்பா திருப்பூரிலேயே கிடக்கவேண்டியதுதான்.

நான் விடமாட்டேன். மட்டிப்பழம் அவைகளுக்குப் பிடிக்கவில்லைபோல, இந்தத் தடவை செவ்வாழை. நெய் கூடுதலாக வாங்கியிருக்கிறேன். சாம்பிராணியில் நல்ல ரகம், கட்டியாக இருக்கிறது பாருங்க. மோந்து பாருங்க.

என்னக்கா, ரொம்ப நேரமாக ஏதோ சொல்ல வருகிறீங்க. சொல்லுங்க.

அழுகின பழமா?

நீங்களுமா அக்கா. மேடமும் அதையேதான் சொன்னார். மதினி அதையேதான் வைக்கிறாள். போனில் இவள் அப்பாகூட, மேடம் சொன்னபடி செஞ்சுதான் பாரேன் என்கிறார். எல்லாருக்கும் என் கை நோகக்கூடாது என்று அவ்வளவு அக்கறை. உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் முப்பிடாதி வீட்டில் கெட்டுப்போனதை வைத்தாள் என்று நாளைக்கு ஒரு எறும்புகூடச் சொல்லிவிடக்கூடாது.

பினாயில்தான் கிடைக்கவில்லை. கடைத்தெரு பூராவும் கேட்டுவிட்டேன், ரெண்டு நாள் கழித்து வாங்க என்கிறார்கள். அதுதான் கவலையாக இருக்கிறது. ஏனென்றால் மேடம் கிளம்பும்போது விட்டுப்போன டிரம்மில் கடைசி ஊறல் மீதி இருந்தது. வருகிறதற்குள் டிரம்மைக் கழுவி வைக்கலாம் என்று முந்தாநாள்தான் மூடின குழியை மறுபடி தோண்டிக் கொட்டினேன். கொட்டினதிலிருந்து மறுபடி பழைய தொல்லை. நேற்றைக்குக் கொல்லைக் கதவையே திறக்க முடியவில்லை, அவ்வளவு பூச்சி. சருகு வேறு குழி நிறைய.

மேடத்துக்கு ஒதுக்கியிருக்கிற அறைக்கு ஜன்னல் கொல்லைப்பக்கம்தான். சாக்கைப் போட்டு மூடிவிடுவேன், அது பிரச்சினை இல்லை. இவள்தான் பிரச்சினை. யார் வீட்டுக்கு வந்தாலும் விரலைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், யாரையும் விடமாட்டாள். போன தடவை அம்மா வீட்டில் விட்டேன், இந்தத் தடவை அம்மாவுக்கு முட்டுவலி, முடியாது. மேடத்தையும் இழுத்துக்கொண்டு போய் அந்த அசிங்கத்தை எல்லாம் காட்டிவிடுவாளே என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதிலும் வெட்கக்கேடு என்னவென்றால் காய்ந்த இலையைக் காட்டிக் காட்டிப் பூச்சி பூச்சி என்பாள். அது இலைம்மா, இலை என்று எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் ஏறவில்லை. படிப்பில் என்னையே கொண்டு பிறந்திருக்கிறாள்போல.

ஏன்க்கா சிரிக்கிறீங்க? இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஐயோ, கனிஷ்கா, எழுந்திரு. பையைப் பாருங்களேன், அதன்மேலேயே குதித்திருக்கிறாள். அத்தனை செவ்வாழையும் கூழ். இதை எப்படிப் பூச்சிக்கு வைப்பது? போய்க் குழியில்தான் கொட்டவேண்டும். தோட்டத்தில் மட்டிக்குலை ஒன்று நிற்கிறது, அதை வெட்டிக்கொள்கிறேன். நெய் கூட விட்டால் சரியாகப் போய்விடும்.

உங்க ஸ்டாப் வந்துவிட்டது. பார்த்து இறங்குங்க, படி வழுக்கும். என்னக்கா, இவள் காதில் என்ன சொல்கிறீங்க? திங்கட்கிழமை மேடத்தை எங்கே கூட்டிக்கொண்டு போகணும் என்றா? நல்லாச் சொல்லுங்க, நான் சொன்னால் கேட்கமாட்டாள், பெரியவங்க சொன்னால் கேட்பாள். மேடம் வந்தாக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போகக்கூடாது, சரியாம்மா? எங்கே, சொல்லு பார்ப்போம்.

"பூச்சி" என்கிறாள் பாருங்க.